கேக் ரெசிபிய வச்சு ஆத்தா இங்கிலீஷ் கத்துக்க முடியுமா?

முடியும், தாராளமா முடியும். ஆனா இப்ப நீங்க ஆரம்பிச்சு குடுத்துருக்க வழில போனா நோட்டு நிறையும், வாய் தொறக்காது.

நீங்க கேட்டது இதுதான்: தேவகோட்டைல ஆத்தா தனியா இருக்காக, பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ எழுத்துக்கூட்டி படிச்சிருவாக ஆனா பேச வராது, அண்ணன் குடும்பம் நியூஜெர்சில, அங்க இருக்க ஆறு வயசு பேரன் வீடியோ கால்ல வந்தா முழுக்க இங்கிலீஷ்லயே பேசறான், அப்பத்தா ரெண்டு நிமிஷம் சிரிச்சிட்டு போன அம்மாகிட்ட குடுப்பான்னு சொல்லிர்றாக. ஸ்போக்கன் இங்கிலீஷ் புக்க எடுத்தா தூக்கம் வருது, கேக் பண்றதுன்னா மட்டும் ஆசை. அதனால நீங்க ஒரு கேக் ரெசிபில இருக்க இங்கிலீஷ் வார்த்தைய எல்லாம் நோட்டுல எழுதி எதுத்தாப்புல தமிழ்ல அர்த்தம் எழுதிக் குடுத்தீங்க, மனசுல நிக்க மாட்டேங்குது. எந்த கேக் பண்ணலாம், ஓவன் வாங்கணுமா, கிளாஸ்ல சேத்து விடணுமா, இதெல்லாம் கேட்டுருக்கீங்க.

நான் காரைக்குடில வீட்லயே சாயங்காலம் பொம்பளையாளுகளுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன், பொறந்தநாள் கேக் ஆர்டரும் பண்றேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

மொதல்ல அந்த நோட்ட மூடி வைங்க. சீனிக்கு ஷுகர்னு ஆத்தாவுக்கு தெரியாதா என்ன? கப், ஸ்பூன், பட்டர், மிக்ஸ், பவுடர், கேஸ், குக்கர், டின், பாக்கெட், ஃப்ரிட்ஜ் எல்லாம் நம்ம அடுப்படில தினம் புழங்குற வார்த்தைதான். பேரன்கிட்ட பேச முடியாததுக்கு காரணம் வார்த்தை பத்தாம இல்ல, இருக்க வார்த்தைய கோத்து ஒரு வாக்கியமா வெளிய தள்ள முடியல, அதுவும் எதிராளு மொகத்த பாத்துக்கிட்டே சட்டுனு தள்ள முடியல. லிஸ்ட் மனப்பாடம் பண்றதுல அந்த பழக்கம் வராது, கை வேலை செய்யும்போது வாயும் கூடவே போனாதான் வரும்.

இது நம்ம ஊர்ப்பக்கமே சோதிச்சு பாத்த விஷயம். என்.எஸ்.பிரபுன்னு ஒருத்தர், மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவர், 1979ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூர், மெட்ராஸ்னு சில பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் கிளாஸ வேற மாதிரி நடத்தி பாத்தாரு. இலக்கணத்த வரிசையா எடுக்கறது இல்ல, வார்த்தை லிஸ்ட் இல்ல, பிள்ளைகளுக்கு ஒரு மேப்பையோ ரயில் டைம்டேபிளையோ குடுத்து ஒரு வேலைய முடிக்கச் சொல்றது, புத்தி முழுக்க அந்த வேலைல நிக்கும்போது மொழி அதுபாட்டுக்கு உள்ள எறங்கும்ங்கறது அவர் கணக்கு. இன்னிக்கு உலகம் முழுக்க டாஸ்க் பேஸ்டு டீச்சிங்னு பேசறாங்களே, அதுல பெங்களூர் ப்ராஜெக்ட்னு இதத்தான் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடியே 1960கள்ல அமெரிக்கால ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு சைக்காலஜி புரொஃபசர், ஒரு கட்டளைய கேட்டு உடனே ஒடம்ப அசைச்சு செஞ்சா மொழி மறக்காதுன்னு சொல்லி டோட்டல் பிசிகல் ரெஸ்பான்ஸ்னு ஒரு முறையே உண்டாக்குனாரு. இங்கிலாந்துல நியூகாசில் யுனிவர்சிட்டில இன்னும் ஒரு படி மேல போயி, கரண்டிலயும் சாமான்லயும் சென்சார் வச்சு, நீங்க சமைக்க சமைக்க பிரெஞ்ச்ல அடுத்தது என்னன்னு சொல்ற ஒரு அடுப்படியவே கட்டுனாங்க. நமக்கு சென்சார் எல்லாம் வேணாம்.

எந்த கேக்னா, வாழைப்பழ கேக். முட்டை இல்லாம வரும், அதனால வெள்ளிக்கிழமை, கார்த்திகைன்னு பாக்க வேண்டியதில்ல, அடிக்கற பீட்டர் மெஷின் வேணாம், கிரீம் வேணாம், கறுத்துப்போன பழம் வீட்ல எப்பவும் கெடக்கும். மூணு நடுத்தர பழம் (பூவன் மாதிரி சின்னதுன்னா அஞ்சு), ஒன்னரை கப் மைதா, முக்கால் கப் சீனி, அரை கப் எண்ணெய், கால் கப் தயிர், ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. எண்ணெய் வாசனை இல்லாததா இருக்கட்டும், கடலெண்ணெய் ஊத்துனா கேக் பணியாரமாட்டம் மணக்கும். செய்முறைய ஆத்தா வாயால சொல்றதுக்கு தோதா இங்கிலீஷையும் தமிழ் எழுத்துலயே எழுதறேன், நீங்க ஒரு அட்டைல பெரிய எழுத்துல இங்கிலீஷ் எழுத்துலயே எழுதி அடுப்பு மேடைக்கு எதுக்க ஒட்டி விடுங்க:

ப்ரீஹீட் தி அவன் டு 180 டிகிரீஸ். க்ரீஸ் அ கேக் டின். மேஷ் த்ரீ ரைப் பனானாஸ் இன் அ லார்ஜ் போல். ஆட் த ஷுகர், தி ஆயில் அண்ட் த கர்ட், அண்ட் மிக்ஸ் வெல். சிஃப்ட் த மைதா, த சோடா அண்ட் த சால்ட் இன்டு த போல். மிக்ஸ் ஜென்ட்லி, டோன்ட் ஓவர்மிக்ஸ். போர் த பேட்டர் இன்டு த டின். பேக் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ், ஆர் அன்டில் அ டூத்பிக் கம்ஸ் அவுட் க்ளீன். லெட் இட் கூல் ஃபார் டென் மினிட்ஸ் பிஃபோர் யூ கட் இட்.

அவ்வளவுதான் முழு பாடமும். ஒம்போது பத்து வரி. ஒவ்வொரு வாரமும் புது ரெசிபி தேடாதீங்க, இந்த ஒண்ணையே ஆத்தாவுக்கு சலிக்கற வரைக்கும் வச்சுக்கங்க, சலிச்சதுக்கு அப்பறமும் கொஞ்ச நாள். எல்லாரும் தப்பு பண்ற எடம் இதுதான், பத்து ரெசிபில பத்து பத்து வார்த்தை தெரிஞ்சுக்கிட்டு எதையும் பேச முடியாம நிப்பாங்க.

அளவுல ஆரம்பிங்க, ஏன்னா அதுல ஆத்தா நம்மள விட கெட்டி. கால், அரை, முக்கால்னு நம்ம வாய்ல ஓடறதுதான், அ குவார்ட்டர் கப், ஹாஃப் அ கப், த்ரீ குவார்ட்டர்ஸ் ஆஃப் அ கப், ஒன் அண்ட் அ ஹாஃப் கப்ஸ். ஒண்ணுக்கு மேல போனா கப்ஸ்னு பன்மை, அரைக்கு கப்தான், ஹாஃப் கப்ஸ் கெடையாது. வெள்ளைப்பணியாரத்துக்கு அரிசி அளக்கறத நெனச்சு பாருங்க, ஒரு டம்ளர் பச்சரிசிய தலைதட்டி எடுத்து, அதே டம்ளர் மேல உளுந்த கோபுரமா வப்போம், அந்த கோபுரம்தான் உளுந்து அளவு. தலைதட்டினா லெவல், கோபுரமா குமிச்சா ஹீப்ட். அ லெவல் டீஸ்பூன் ஆஃப் சோடான்னு இங்கிலீஷ் ரெசிபில வரும், அதுல ஆத்தா கோபுரம் வச்சா கேக் பொங்கி நடுவுல குழி விழும், சோப்பு மாதிரி ஒரு வாடையும் அடிக்கும். டீஸ்பூன்னா 5 மில்லி, டேபிள்ஸ்பூன்னா 15 மில்லி, வீட்டு கரண்டி கணக்கு இதுக்கு ஒத்து வராது, மெஷரிங் கப் செட் ஒண்ணு வாங்கிருங்க, அதுல பொறிச்சிருக்க எழுத்த படிக்கறதே ஒரு பாடம். மைதா ஒரு கப்னா ஏறக்குறைய 120 கிராம், சீனி ஒரு கப் 200 கிராம்.

அளவோடயே ஒட்டிக்கிட்டு வர்றது எண்ண முடியறது, எண்ண முடியாதது. பழத்த எண்ணலாம், ஹவ் மெனி பனானாஸ். சீனிய எண்ண முடியாது, ஹவ் மச் ஷுகர். நம்ம ஆளுக எல்லாத்துக்கும் ஹவ் மச் போடுவாங்க, இல்லேன்னா ரெண்டு ஷுகர்ஸ்னு எஸ் சேத்துருவாங்க. சீனிய எண்ணணும்னா அத ஒரு பாத்திரத்துல போட்டாதான் எண்ண முடியும், டூ கப்ஸ் ஆஃப் ஷுகர், அ பாக்கெட் ஆஃப் மைதா, அ க்ளாஸ் ஆஃப் வாட்டர். டூ மச் சால்ட், டூ மெனி பனானாஸ். இத அடுப்படில சொல்லி பழகிட்டா சூப்பர் மார்க்கெட்ல, ஏர்போர்ட்ல, எங்கயும் இதேதான்.

அடுத்தது கஷ்டமான சங்கதி, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கங்க. தமிழ்ல நமக்கு "ல"ன்னு ஒரு எழுத்து போதும், எல்லா எடத்துக்கும் ஓடும். தட்டுல வை, அடுப்புல வை, டின்ல ஊத்து, 180 டிகிரில வேகட்டும், பத்து நிமிஷத்துல வர்றேன், கரண்டில கிண்டு. இங்கிலீஷ்ல இந்த ஒவ்வொரு ல-வுக்கும் வேற வேற ஆளு. தட்டு மேல இருந்தா ஆன் த ப்ளேட். உள்ள இருந்தா இன் தி அவன். வெளிய இருந்து உள்ள போகுதுன்னா இன்டு த டின். சூடு, மணி மாதிரி ஒரு புள்ளினா அட் 180 டிகிரீஸ், அட் சிக்ஸ் ஓ க்ளாக். இன்னும் பத்து நிமிஷத்துலன்னா இன் டென் மினிட்ஸ். கரண்டியாலன்னா வித் அ ஸ்பூன். ஃபார், அன்டில் ரெண்டையும் இதோட சேத்துக்கங்க, நாப்பது நிமிஷம்னு நேரத்த அளந்து சொன்னா ஃபார், ஒண்ணு நடக்கற வரைக்கும்னு சொன்னா அன்டில். இத படிச்சு பாடம் பண்ணா கொழம்பும். ஆத்தா கைல டின்ன குடுத்து, உள்ள வைக்கும்போது இன், மேடைல எறக்கும்போது ஆன்னு சொல்லச் சொல்லுங்க. கை எங்க போகுதோ அந்த வார்த்தை.

அ, த ரெண்டும் ஆத்தாவுக்கு தொல்லையா இருந்தா, மொத தடவை டின்ன பத்தி பேசும்போது அ கேக் டின், அதே டின்ன ரெண்டாவது தடவை சொல்லும்போது த டின், நாமளும் ஒரு டின்ன எடு, அந்த டின்ல ஊத்துன்னுதானே சொல்றோம்னு சொல்லி விட்ருங்க. இப்போதைக்கு அது போதும், அதுல எப்பவாச்சும் தப்பு வந்தா யாருக்கும் புரியாம போகாது.

இங்க ஒரு எச்சரிக்கை. பாக்கெட்லயும் புக்லயும் வர்ற ரெசிபி இங்கிலீஷ் பேசற இங்கிலீஷ் கெடையாது. எடத்த மிச்சப்படுத்த அவங்க அ, த, இட் எல்லாத்தையும் முழுங்கிருவாங்க. மிக்ஸ் வெல், போர் இன்டு டின், பேக் 40 மினிட்ஸ்னு இருக்கும். எத மிக்ஸ் பண்ண, எத ஊத்தன்னு இருக்காது. தமிழ்ல நாமளும் அப்படித்தான், நல்லா கிண்டு, டின்ல ஊத்துன்னு விட்ருவோம், அதனால இந்த சுருக்கம் நமக்கு ரொம்ப சொகமா இருக்கும், அதே சொகத்துல பேசும்போதும் ஐ பேக்ட், ஐ கேவ்னு பாதில நிறுத்திருவோம். கேக்கறவன் எதன்னு முழிப்பான். பேசும்போது ஐ பேக்ட் இட், ஐ கேவ் இட் டு ஹிம். அதனாலதான் மேல எழுதின ரெசிபில நான் த, இட் ரெண்டையும் முடிஞ்ச வரைக்கும் விடாம போட்டுருக்கேன், மிக்ஸ் வெல், மிக்ஸ் ஜென்ட்லி, டோன்ட் ஓவர்மிக்ஸ், பேக் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ்னு நாலு எடத்துல மட்டும் ரெசிபி வழக்கப்படி விட்டேன். அந்த நாலுலயும் இட் எங்க வரும்னு ஆத்தாவையே கண்டுபுடிக்கச் சொல்லுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ரெசிபில இருக்கறது பூராவும் கட்டளை. மேஷ், ஆட், போர், பேக். அத மட்டும் பாடம் பண்ணா ஆத்தாவுக்கு அதிகாரம் பண்ணத்தான் வரும், பேச வராது. அதனால ஒரே ரெசிபிய மூணு வாட்டி வேற வேற மாதிரி சொல்லணும். மொத வாட்டி அட்டைய பாத்து சத்தமா படிச்சிட்டு செய்யறது. ரெண்டாவது வாட்டி, இன்னொரு நாள், அட்டைய பாக்காம, செய்யறத செய்யும்போதே சொல்றது, ஐ ஆம் மேஷிங் த பனானாஸ், ஐ ஆம் போரிங் த பேட்டர், பக்கத்துல ஆள் வேணும்னு இல்ல, தனியா பேசுனா யாரும் பாக்கப் போறதில்ல, நம்ம வீட்டு ரெண்டாங்கட்டுல நின்னு பேசுனா வாசலுக்கு கூட கேக்காது. மூணாவது வாட்டி கேக்க அறுத்து வச்சிட்டு, என்ன செஞ்சேன்னு பேரனுக்கு சொல்றது, ஐ மேஷ்ட் த்ரீ பனானாஸ், ஐ ஆடட் ஷுகர், ஐ பேக்ட் இட் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ். தினப்படி பேச்சுல நெறைய எடத்துல இந்த மூணாவதுதான் வரும். காலைல என்ன பண்ணீங்க, நேத்து எங்க போனீங்க, சாப்ட்டியா, எல்லாமே நடந்து முடிஞ்சதுதானே.

இந்த மூணாவதுல ரெண்டு எடத்துல தட்டும். ஒண்ணு, ஈடின்னு முடியற வார்த்தைய நம்ம ஆளுக எழுத்துக்கூட்டி பேக்கெட், மேஷெட், மிக்ஸெட்னு சொல்லுவாங்க. அப்படி இல்ல, பேக்ட், மேஷ்ட், மிக்ஸ்ட், போர்ட், ஒரே மூச்சு. ட்-ங்கற சத்தத்துல முடியற வார்த்தைக்கு மட்டும்தான், ஆட், வெயிட் மாதிரி, ஆடட், வெயிட்டட்னு ஒரு அசை கூடும். இன்னொண்ணு, பேரன் டிட் யூ ஆட் சாக்லேட்னு கேப்பான், ஆத்தா நோ, ஐ டிடன்ட் ஆடட்னு சொல்லுவாக. டிட் வந்துட்டா நேத்துங்கறத அதுவே சொமந்துக்கும், பின்னாடி வர்றது வெறும் ஆட்தான். ஐ டிடன்ட் ஆட் சாக்லேட். இத ஒரு பத்து வினைச்சொல்லுல சொல்லி பழகணும். புட், கட், லெட் மூணும் நேத்து நடந்தத சொல்லும்போதும் மாறாது, அது ஆத்தாவுக்கு ஒரு ஆறுதல்.

பேரன இதுல இழுத்து விடுங்க, அதுதானே மொத்த வேலைக்கும் காரணமே. ஞாயித்துக்கிழமை நம்ம சாயங்காலம் ஆறரைன்னா அவங்களுக்கு கோடைல காலை ஒம்போது, குளிர் மாசத்துல எட்டு. போன சாச்சு வச்சிட்டு ரெசிபிய அவன படிக்கச் சொல்லுங்க, ஆத்தா செய்யட்டும். ஆறு வயசு பையனுக்கு அப்பத்தாவ வேலை வாங்கறதுன்னா கொள்ளை ஆசையா இருக்கும், நிறுத்தி நிறுத்தி திரும்ப சொல்லுவான், வாட் ஆர் யூ டூயிங்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேப்பான், நான் எடுக்கற கிளாஸ விட அது நல்ல கிளாஸ். அடுத்த வாரம் மாத்தி, ஆத்தா சொல்ல அவன் அங்க அம்மா ஒத்தாசையோட செய்யட்டும்.

அப்ப ஒண்ணு ஞாபகம் வைங்க. அண்ணிகிட்ட பேசும்போது கட்டளைய அப்படியே எறக்கக் கூடாது. நாம தமிழ்ல குடுங்க, வைங்கன்னு ஒரு ங்க போட்டா மரியாதை வந்துரும், இங்கிலீஷ்ல அந்த ங்க கெடையாது, கிவ் மீ த போன்னு சொன்னா அது போனக் குடுன்னு வெடுக்குனு கேக்கற மாதிரி. குட் யூ கிவ் மீ த போன் ப்ளீஸ், கேன் யூ ஓபன் இட்னு கேள்வியா மாத்தணும். ரெசிபி வரி ஒவ்வொண்ணுக்கும் முன்னால குட் யூ போட்டு சொல்லி பாக்கச் சொல்லுங்க, குட் யூ மேஷ் த பனானாஸ், அம்புட்டுதான். ஊர்ல நாலு பேர ஏவி வேலை வாங்கி பழகுன ஆச்சிமாருக்கு மொதல்ல இது கூச்சமா இருக்கும், போகப் போக சரியாயிரும்.

உச்சரிப்புக்கு ரொம்ப மெனக்கெட வேணாம், ஆனா சிலது திருத்திக்கணும். ஓவன் இல்ல, அவன். ஃப்ளவர்னா பூவும் அதுதான், மாவும் அதுதான், சத்தம் ஒண்ணு எழுத்து வேற. சல்லடைய எழுத்துக்கூட்டி சீவ்னு படிப்பாக, அது சிவ். மாவு பெசயறத நீட்னு சொல்லணும், மொத எழுத்து கே வாய்ல வராது. ரெசிபி மூணு அசை, ரெசிப் இல்ல. பவுல்னு நாம சொல்ற பாத்திரம் போல், கோல் மாதிரி. வெண்ணெய் பட்டர், கேக் மாவுக் கரைசல் பேட்டர், நல்லதா இருந்தா பெட்டர், கசந்தா பிட்டர், இந்த நாலையும் வரிசையா சொல்லச் சொல்லி, நீங்க போன்ல கண்ண மூடிக்கிட்டு எது எதுன்னு கண்டுபுடிங்க. உங்களுக்கு புரியலேன்னா பேரனுக்கும் புரியாது.

எல்லாத்தையும் விட நெஜமா ஒதவுற பயிற்சி டைமர். போன்ல இருக்க அசிஸ்டன்ட்கிட்ட செட் அ டைமர் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ்னு ஆத்தா வாயாலயே சொல்லச் சொல்லுங்க. நம்ம ஆளுக ஃபார்ட்டிக்கும் ஃபோர்ட்டீனுக்கும் ஒரே மாதிரி சொல்லுவாங்க, போன் 14 நிமிஷம் வச்சிரும், கேக் வேகாம களியா கெடக்கும். ஃபார்ட்டில அழுத்தம் முன்னால, முடிவு சட்டுனு நின்னுரும், ஃபோர்ட்டீன்ல கடைசி பாதிய இழுத்து அழுத்தணும். தர்ட்டி தர்ட்டீன், ஃபிஃப்டி ஃபிஃப்டீன் எல்லாம் இதே கதைதான், பணம் பேசற எடத்துல இது தெரியாட்டி நஷ்டம். போன் மொகஞ்சுளிக்காது, எத்தனை தடவ தப்பா சொன்னாலும் கேட்டுக்கும், ஸ்க்ரீன்ல என்ன விழுந்துச்சுன்னு பாத்து தானே திருத்திக்கலாம்.

வீடியோ பாத்து பண்ணுவாகன்னா யூடியூப்ல வேகத்த 0.75ல வச்சு, கீழ எழுத்து ஓடற மாதிரி கேப்ஷன் போட்டு குடுங்க. ஆனா அமெரிக்கா வீடியோ, இங்கிலாந்து வீடியோ ரெண்டும் ஒரே சாமானுக்கு வேற பேர் சொல்லும். மைதாவ அமெரிக்காக்காரன் ஆல் பர்பஸ் ஃப்ளவர்ம்பான், இங்கிலாந்துக்காரன் ப்ளெயின் ஃப்ளவர்ம்பான். பேக்கிங் சோடாவ இங்கிலாந்துக்காரன் பைகார்பனேட் ஆஃப் சோடாம்பான். நம்ம வெள்ளை கார்ன்ஃப்ளார் அமெரிக்கால கார்ன்ஸ்டார்ச், அங்க கார்ன் ஃப்ளவர்னு கேட்டா மக்காச்சோள மாவத்தான் குடுப்பான். அண்ணி வீட்டு அவன்ல 350ன்னு இருக்கும், பயப்பட வேணாம், அது ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல ஏறக்குறைய 180. சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒண்ணு இல்லங்கறதையும் சொல்லிருங்க, சோடாவுக்கு புளிப்பு வேணும், நம்ம ரெசிபில அதுக்குத்தான் தயிர், பவுடர்ல புளிப்பு அதுக்குள்ளயே இருக்கு.

பட்டர் அட் ரூம் டெம்பரேச்சர்னு பாதி வீடியோல வரும். அந்த ஊர்க்காரன் ரூம்ல ஒரு 20 டிகிரி இருக்கும், வெண்ணெய் மெத்துனு அமுங்கும். நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல வெண்ணெய வெளிய வச்சா உருகி ஓடிரும். அவன் சொல்றது அறைச்சூடுன்னு அகராதில பாத்தா கேக் கெட்டுப் போகும், வெரல அமுக்குனா குழி விழணும், உருகக் கூடாது, அதுதான் அவன் சொல்றது. நான் எண்ணெய் கேக் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேக் சரியா வரலேன்னா விடாதீங்க, பேச்சுக்கு அதுதான் நல்ல தீனி. நல்லா வந்த கேக்க பத்தி இட் இஸ் நைஸ்னு ஒரு வரில முடிஞ்சிரும். நடுவுல குழி விழுந்தா த கேக் சேங்க் இன் த மிடில் பிகாஸ் ஐ ஓபன்ட் தி அவன் டூ எர்லி. அடில ஒட்டுனா இட் ஸ்டக் டு த டின் பிகாஸ் ஐ டிடன்ட் க்ரீஸ் இட். ரொம்ப கிண்டிட்டா மைதால இருக்க க்ளூட்டன் இறுகி ரப்பர் மாதிரி ஆயிரும், இட் பிகேம் டஃப் பிகாஸ் ஐ ஓவர்மிக்ஸ்ட் இட். ஒரு பிகாஸ் போட்டு ரெண்டு வாக்கியத்த சேக்க வந்துருச்சுன்னா, டாக்டர்கிட்ட, ஏர்போர்ட் கவுன்டர்ல, அண்ணி வீட்டு பக்கத்து வீட்டம்மாகிட்ட, எங்க வேணாலும் காரணம் சொல்லி பேசிறலாம்.

கட்டளை வரிகளும் வீணாப் போகாது. ஏடிஎம்ல இன்சர்ட் யுவர் கார்ட், என்டர் யுவர் பின். மருந்து அட்டைல டேக் ஒன் டேப்லெட் ஆஃப்டர் ஃபுட். மைதா பாக்கெட்ல ஸ்டோர் இன் அ கூல், ட்ரை ப்ளேஸ். எல்லாம் ரெசிபி மாதிரியே வினைச்சொல்லுல ஆரம்பிக்கும். பாக்கெட்ட பிரிக்கறதுக்கு முன்னால பின்பக்கத்த படிக்கற பழக்கம் வரட்டும். பெஸ்ட் பிஃபோர்னா அதுக்கப்பறம் ருசியும் தரமும் கொறையும்னு அர்த்தம், யூஸ் பைன்னா அதுக்கப்பறம் சாப்பிடவே கூடாது.

ஓவன் இப்ப வாங்காதீங்க. கனமான அலுமினிய குக்கர்ல அடில ரெண்டு வெரக்கடை கல்லுப்பு கொட்டி, மேல ஒரு ஸ்டாண்ட் வச்சு, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துட்டு மூடி பத்து நிமிஷம் காய விட்டு, டின்ன எறக்கி சின்ன தீல வச்சா 45, 50 நிமிஷத்துல வந்துரும். தண்ணி ஊத்தக் கூடாது. குக்கர் கம்பெனிக்காரங்க இப்படி சும்மா காய வைக்கறத ஒத்துக்க மாட்டாங்க, அதனால பழைய குக்கர் ஒண்ண இதுக்குன்னு ஒதுக்குங்க. ஆத்தா மூணு நாலு தடவ விரும்பி பண்ணாகன்னா அப்பறம் ஓடிஜி, அதான் மேடைல வைக்கற சின்ன கரண்ட் ஓவன், வாங்கலாம், ஒத்த ஆள் வீட்டுக்கு 20 லிட்டருக்கு மேல தேவைப்படாது.

கிளாஸ் இப்ப வேணாம்னுதான் சொல்லுவேன், நானே கிளாஸ் எடுத்துக்கிட்டு இத சொல்றேன். கேக்க பத்தி பேரன்கிட்ட அஞ்சு நிமிஷம் நிக்காம பேச வந்துருச்சுன்னா அப்பறம் சேத்து விடுங்க, அதுவும் வாத்தியார் பேசற நேரத்த விட படிக்கறவங்க பேசற நேரம் அதிகமா இருக்க எடமா பாத்து. சேக்கறதுக்கு முன்னால ஒரு நாள் போயி பின்னால ஒக்காந்து பாத்தாலே தெரிஞ்சிரும். அதுவரைக்கும் வாழைப்பழ கேக் சலிச்சுப் போச்சுன்னு ஆத்தா சொன்னாகன்னா நெய் பிஸ்கட்டுக்கு மாத்துங்க, மைதா, பொடிச்ச சீனி, நெய், அதுல நீட், ரோல், ப்ரெஸ், லைன்னு புது வினைச்சொல் வரும், ஊர்ல பலகாரம் சுட்ட கைக்கு உருட்டறதும் தட்டறதும் சொல்லித்தர வேண்டியதில்ல, பேர் மட்டும் சொன்னா போதும்.